சென்சஸ் டேபிள்ல "ஹிஸ்பானிக்"ன்னு ஒரே வரி, அதை வச்சு யாருக்கு என்ன பண்றது?

9 பிப்ரவரி 2025, கேள்வி

"அமெரிக்காவுல லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க பத்தின டேட்டா ஃப்ரீயா கொட்டிக் கிடக்கு. சென்சஸ், உடம்பு, தண்ணி, காத்து எல்லாமே இருக்கு. ஒரு நல்ல டேஷ்போர்டு போட்டுக் குடுத்தா அங்க வேலை பாக்குற சின்ன அமைப்புகளுக்கு பாதி பாரம் குறையுமே, ஏன் யாரும் செய்யல? நான் டேட்டா அனலிஸ்ட், சனி ஞாயிறு நேரம் இருக்கு. எங்க ஆரம்பிக்கலாம்?"

9 பிப்ரவரி 2025, ராத்திரி 10:50

நாலு வருஷம் முன்னாடி இதே கேள்வியோட சுத்தினவன் நான், அதனால கிண்டல் பண்ற தகுதி இல்ல. கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோ பக்கம் இருக்கேன். வாரத்துல அஞ்சு நாள் கம்ப்யூட்டர், சனிக்கிழமை ஒரு குட்டி அமைப்புக்கு எக்செல் கூலி. தோட்டம், வயல்ல வேலை செய்யுற குடும்பங்களுக்கு ஃபாரம் நிரப்பிக் குடுக்குறது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது, ரேஷன் பெட்டி குடுக்குறது, இப்படி வேலை. பேர் சொல்ல மாட்டேன்.

டேஷ்போர்டு நானும் போட்டேன். மூணு பேர் பாத்தாங்க. அதுல ரெண்டு பேர் நான் தான், ஒண்ணு லேப்டாப்ல, ஒண்ணு போன்ல.

10 பிப்ரவரி 2025

சரி, நேத்து விளையாட்டா முடிச்சுட்டேன். உருப்படியா சொல்றேன்.

முதல்ல டேட்டா டாட் சென்சஸ் டாட் கவ். அதுல பி 03001ன்னு ஒரு டேபிள் இருக்கு, அது ஹிஸ்பானிக் மக்களை, அதாவது ஸ்பானிஷ் பேசுற நாடுகளோட வம்சாவளிக்காரங்களை, மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார், குவாத்தமாலான்னு பிரிச்சுக் காட்டும். இந்தத் தளத்தைப் பாத்து கண்ணு வலிச்சா சென்சஸ் ரிப்போர்ட்டர் போங்க, அதே நம்பர் தான், மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கும். மினசோட்டா யூனிவர்சிட்டியோட ஐபம்ஸ் இருக்கு, தனித்தனி ஆள் அளவுல பேரில்லாம டேட்டா வேணும்னா அங்க. யூசிஎல்ஏ யூனிவர்சிட்டில லத்தீனோ டேட்டா ஹப்னு ஒண்ணு வச்சிருக்காங்க, மாநிலவாரியா சட்டுனு பாக்க நல்லா இருக்கும்.

2020 சென்சஸ்படி நாடு பூரா 6.21 கோடி பேர், நூத்துக்கு 18.7. கலிஃபோர்னியால 39.4 சதவீதம், மத்த எந்தக் கூட்டத்தை விடவும் அதிகம். இந்த நம்பர் எல்லாம் மீட்டிங்ல முதல் ஸ்லைடுக்கு ஆகும், வேற எதுக்கும் ஆகாது.

சின்ன ஊருக்குள்ள இறங்கணும்னா ஏசிஎஸ்ன்னு சொல்ற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேல அஞ்சு வருஷக் கணக்கு. வருஷத்துக்கு 35 லட்சம் விலாசத்துக்குத் தான் அனுப்புறாங்க, அதனால 65,000 பேருக்குக் கம்மியான ஊருக்கு ஒரு வருஷக் கணக்கே வராது, அஞ்சு வருஷத்தைச் சேத்து தான் தருவாங்க. இந்த 2025 பிப்ரவரில கைல இருக்குறது 2019லேருந்து 2023 வரைக்கும். ஜிப் கோடு, அதாவது நம்ம பின்கோடு மாதிரி, அது வாரியா எடுத்துக்கிட்டா வேலை சுலபம்.

11 பிப்ரவரி 2025

ஜிப் கோடு வாரியா எடுங்கன்னு சொன்னேனே, அதை அழிச்சுடுங்க. ஜிப் கோடுங்கறது தபால்காரர் போற ரூட்டு. சென்சஸ் அதை உத்தேசமா ஒரு பரப்பாக்கி வச்சிருக்கு, அவ்வளவு தான். எங்க பக்கம் ஒரே ஜிப்ல கேட் போட்ட காலனியும் இருக்கும், ரெண்டு மைல் தள்ளி சாக்கடை வசதி இல்லாத தெருவும் இருக்கும், ரெண்டோட சராசரி எடுத்தா "பரவால்ல, நடுத்தரம்"ன்னு வரும். 4,000 பேர் வாக்குல இருக்குற சென்சஸ் டிராக்ட் எடுங்க.

2021ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? மார்ச் மாசம் கலிஃபோர்னியா அரசு ஹெல்தி பிளேசஸ் இண்டெக்ஸ்னு ஒரு பொதுக் குறியீட்டை வச்சு, அதுல கீழ் கால்வாசில வர்ற ஜிப்களுக்கு தடுப்பூசில 40 சதவீதம் ஒதுக்குச்சு. நல்ல காரியம், டேட்டா டூல் ஒண்ணு நேரா ஊசியா மாறினதை நான் பாத்தது அப்ப தான். ஆனா அதுக்கு முந்தின மாசம் தான் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கறுப்பின, லத்தீனோ பகுதிகளுக்குன்னு குடுத்த முன்பதிவு கோடு போன் போனா பரவி, வசதியானவங்க வந்து வரிசைல நின்னாங்க. மேப்ல இடத்தைச் சரியா வட்டம் போடலாம் பாஸ், அந்த வட்டத்துக்குள்ள யார் வந்து நிக்கிறாங்கன்னு மேப்புக்குத் தெரியாது.

15 பிப்ரவரி 2025

ஈஜேஸ்கிரீன்னு, எந்தப் பகுதில மாசு எவ்வளவுன்னு காட்டுற மத்திய அரசு மேப் ஒண்ணு. அதோட லிங்க் வேலை செய்யலன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. உங்க நெட்டு தப்பில்ல. இந்த மாசம் 5ம் தேதி ஈபிஏ, அதாவது மத்திய சுற்றுச்சூழல் துறை, அதைத் தூக்கிடுச்சு. வெளில இருக்குற ஆளுங்க சேந்து பிரதி எடுத்து வேற இடத்துல ஏத்தி வச்சிருக்காங்க. பாடம் என்னன்னா, அரசாங்க டேட்டாவை லிங்கா சேமிக்காதீங்க, ஃபைலா இறக்கி வைங்க, எறக்கின தேதியையும் ஃபைல் பேர்லயே எழுதுங்க. எங்கிட்ட "ஃபைனல் ஃபைனல் 2"ன்னு ஒரு ஃபைல் இருக்கு, அது எந்த வருஷம்னு எனக்கே தெரியாது.

கலிஃபோர்னியாக்காரங்களுக்கு கவலை கம்மி, அதே மாதிரி கால்என்விரோஸ்கிரீன்னு ஒரு மேப் மாநில அரசோடதே இருக்கு. 2021ல வந்த நாலாவது பதிப்பு, 21 அளவுகோல்: காத்து, பூச்சி மருந்து, தண்ணி, ஆஸ்துமா, வறுமை இப்படி. இதுல மேல கால்வாசி வர்ற டிராக்ட்டெல்லாம் "பின்தங்கிய சமூகம்"னு பட்டியல்ல ஏறும், மாநிலத்தோட காலநிலை நிதில கணிசமான பங்கு அங்க போகணும்னு சட்டமே இருக்கு. நிறைய பேர் நினைக்கிற மாதிரி இந்த மதிப்பெண்ல இனம் ஒரு அளவுகோல் கிடையவே கிடையாது. அது இல்லாமலே மேப்பைத் திறந்தா ஃப்ரெஸ்னோ இருக்குற எங்க சான் வாகீன் பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு.

16 பிப்ரவரி 2025

"லத்தீனோவும் ஹிஸ்பானிக்கும் ஒண்ணா?" நான் மேல ரெண்டையும் கலந்து கட்டி எழுதிட்டேன், தப்பு தான். ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனா லத்தீனோன்னு யாரும் சொல்றதில்ல. பிரேசில்காரர் லத்தீனோ, ஆனா போர்ச்சுகீஸ் பேசுறதால சென்சஸ் கணக்குல ஹிஸ்பானிக்ல சேக்க மாட்டாங்க. பிரேசில்காரர் அந்தக் கட்டத்துல டிக் அடிச்சாலும் ஆபிஸ்ல உக்காந்து திருத்திடுவாங்க. 2020 ஏசிஎஸ்ல அந்தத் திருத்தம் விட்டுப்போச்சு, 4,16,000 பிரேசில்காரங்க ஹிஸ்பானிக்கா வந்து நின்னாங்க. முந்தின வருஷம் அதே எண்ணிக்கை 14,000. பியூ ரிசர்ச்ங்கற ஆய்வு மையத்து ஆளுங்க தோண்டி எடுத்தது. அதாவது மூணுல ரெண்டு பங்கு பிரேசில்காரங்க தங்களை அப்படித் தான் நினைக்கிறாங்க, டேபிள் தான் ஒத்துக்கல.

இதை விட பெரிய காமெடி 1970ல. முதல் தடவையா சாம்பிள் ஃபாரத்துல இந்தக் கேள்வியைச் சேத்தாங்க, ஒரு கட்டம் "சென்ட்ரல் ஆர் சவுத் அமெரிக்கன்". அலபாமா பக்கத்து ஆளு யோசிச்சுப் பாத்தான், நாம தெக்கு அமெரிக்கா தானே, டிக். நடு மாநிலத்துக்காரன், நாம சென்ட்ரல் தானே, டிக். லட்சக்கணக்குல லத்தீனோ ஆயிட்டாங்க. அதுக்கும் முன்னாடி 1930ல "மெக்சிகன்"னே ஒரு இனம் போட்டாங்க, எதிர்ப்பு வந்து 1940ல மறுபடி "வெள்ளை"ன்னு மாத்தினாங்க. ஒரே பாட்டி மூணு சென்சஸ்ல மூணு ஜாதி.

இன்னமும் அதே கூத்து தான். 2020ல ஹிஸ்பானிக் மக்கள்ல 42.2 சதவீதம் பேர் இனம்ங்கற கேள்விக்கு "வேறு ஏதோ ஒரு இனம்". "வெள்ளை மட்டும்"ன்னு சொன்னவங்க பத்து வருஷத்துல 2.67 கோடிலேருந்து 1.26 கோடி. எல்லாரும் நிறம் மாறிட்டாங்களா என்ன? கேள்வியோட வடிவம் மாறுச்சு, எழுதின பதிலைக் கம்ப்யூட்டர் படிக்கிற முறை மாறுச்சு. 2024 மார்ச்ல விதியைத் திருத்தி, இனி இனம், ஹிஸ்பானிக் ரெண்டும் ஒரே கேள்வின்னு ஆக்கிட்டாங்க. அதனால 2020ஐயும் 2030ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு கோடு போட்டு "அடேங்கப்பா"ன்னு ஒரு போஸ்ட் யாராவது போடுவாங்க, இப்பவே சொல்லி வைக்கிறேன்.

1 மார்ச் 2025

சென்சஸ் 2020ல ஹிஸ்பானிக் மக்கள்ல 5 சதவீதம் பேரை எண்ணவே இல்ல. சென்சஸ் ஆபிஸே அப்புறமா ஒரு சர்வே வச்சு சொன்ன கணக்கு, 4.99. 2010ல அது 1.54 தான். இடைல என்ன நடந்துச்சு? குடியுரிமைக் கேள்வியைச் சேக்கப் போறோம்னு ஒரு கலாட்டா, 2019 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் தடுத்துச்சு, ஆனா பயம் ஜனங்க மனசுல இறங்கிடுச்சு. அப்புறம் கோவிட் வேற. கராஜை ரூமாக்கி இன்னொரு குடும்பம் இருக்குற வீட்ல, கதவைத் தட்டினா யார் திறப்பா? வாடகை ஒப்பந்தத்துல இல்லாத ஆளை யார் எழுதிக் குடுப்பா?

2 மார்ச் 2025

நேத்து எழுதினதுல ஒரு திருத்தம். 5 சதவீதம் பேரை எண்ணலன்னு சொல்றது சரியில்ல, அது நிகர விடுபாடு. அதாவது ரெண்டு தடவை எண்ணினவங்களையும் கழிச்சு மிச்சம் வர்ற பள்ளம். உண்மையா விட்டுப்போனவங்க இன்னும் அதிகம். அதே சென்சஸ்ல வெள்ளையர் 1.64 சதவீதம், ஆசியர் 2.62 சதவீதம் கூடுதலா எண்ணப்பட்டிருக்காங்க. நம்மாளுங்க கணக்குல அதிகம், எலுமிச்சை பறிக்கிறவங்க கணக்குல கம்மி. நிதி பிரிக்கிற ஃபார்முலால இந்த நம்பர் தான் போகுது, பத்து வருஷத்துக்கு.

22 மார்ச் 2025

நான் போட்ட டேஷ்போர்டு ஏன் செத்துச்சுன்னு சொல்றேன், இன்னைக்கு நேரம் இருக்கு.

சேந்த புதுசுல முதல் காரியமா மொழி டேபிளை எடுத்தேன். வீட்ல ஸ்பானிஷ், ஆங்கிலம் "அவ்வளவா வராது"ங்கற பத்தி. எங்க டிராக்ட்ல அது ரொம்பப் பெருசு. போதாதா? சர்க்கரை, ரத்த அழுத்தம் பத்தி ஸ்பானிஷ்ல அழகா ஒரு மடிப்புத் தாள், 400 பிரதி, என் கைக்காசு. சர்ச் ஹால்ல கேம்ப். மடக்கு மேஜை, நீல துணி, ரத்த அழுத்தக் கருவி ரெண்டு. காலைல ஏழு மணிக்கே வரிசை. நான் ஒரு ஓரமா டேப்லெட் வச்சுக்கிட்டு பதிவு பண்றேன். ஒரு அம்மா வந்தாங்க, இடுப்புல குழந்தை, விரல் நகத்துல பச்சைக் கறை. நர்ஸ் ஸ்பானிஷ்ல கேக்குறாங்க, மாத்திரை சாப்பிடுறீங்களா? "சி", ஆமாங்கறாங்க. காலைல சாப்பிட்டீங்களா? "சி." தலை சுத்துதா? "சி." எனக்கு டேப்லெட்ல எல்லாம் பச்சை டிக், ரொம்ப திருப்தி.

எங்க அமைப்புல ஒரு ப்ரொமோத்தோரா இருக்காங்க. அதாவது படிச்ச நர்ஸ் இல்ல, அதே சனங்களுக்குள்ளேருந்து பயிற்சி எடுத்துக்கிட்டு வீடு வீடா போற ஆள். வயசு அறுபதுக்கு மேல, எல்லாரும் மரியாதையா டோன்யான்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படித் தான். அவங்க பின்னாடி நின்னு மூணு "சி" கேட்டாங்க, நாலாவதுக்கு விடல. முன்னாடி வந்து அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி: எந்த ஊர்? அந்தம்மா மெதுவா ஒரு ஊர் பேர் சொன்னாங்க. டோன்யா நேரா பார்க்கிங்குக்குப் போய், அங்க பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு நின்ன ஒரு பொண்ணைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சதும் இந்தம்மா முகம் மாறினது இருக்கே, அதை நான் எந்தப் பத்தில போடுறது. மாத்திரை கிடையாது, காலைல சாப்பிடல, தலை ஒரு மாசமா சுத்துது.

அது மிஸ்தெக்கோ. மெக்சிகோவுல வஹாக்கா, கெரேரோ மலைப்பக்கத்து மொழி. ஸ்பானிஷ் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடிலேருந்து இருக்குறது. ஒரே சொல் குரல் ஏத்த இறக்கத்துல அர்த்தம் மாறும், ஊருக்கு ஊர் வேற, ரெண்டு மலை தாண்டினா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியாது. சப்போதெக்கோ, த்ரிக்கின்னு பக்கத்துல இன்னும் மொழிகள். கலிஃபோர்னியா பண்ணைகள்ல இந்த மாதிரி மெக்சிகோ பூர்வகுடித் தொழிலாளிங்க 1,20,000 பேர் வாக்குல இருக்கலாம்னு 2010ல ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு. அவங்க எல்லாரும் என் டேபிள்ல ஹிஸ்பானிக், என் டேபிள்ல ஸ்பானிஷ்.

எனக்குத் தான் இது முதல்லயே உறைச்சிருக்கணும். "ஓ இந்தியாவா, அப்போ ஹிந்தி தானே"ன்னு எத்தனை பேர்கிட்ட பல்லைக் கடிச்சிருப்பேன். அதையே நான் 400 பிரதி அடிச்சுக் குடுத்திருக்கேன். அதுல கொஞ்சம் இன்னும் கார் டிக்கில கெடக்கு.

இன்னொரு வயித்தெரிச்சல். ஏசிஎஸ்ல பி 16001ன்னு விரிவான மொழி டேபிள் இருக்கு. அதுல 2016லேருந்து தமிழுக்குத் தனி வரி இருக்கு, தெலுங்குக்கும் இருக்கு. போய்ப் பாருங்க, சந்தோஷமா இருக்கும். அப்புறம் மிஸ்தெக்கோ எங்கன்னு தேடுங்க. தனி வரி கிடையாது.

22 மார்ச் 2025, கொஞ்சம் கழிச்சு

"நம்மள மதராசின்னு சொன்ன மாதிரி"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரியான உதாரணம் தான், ஒரு படி மேலயே. மெக்சிகோக்காரங்களே இவங்களை "வஹாக்கீத்தா"ன்னு மட்டம் தட்டிக் கூப்பிடுறது உண்டு, குள்ளம், கறுப்பு, காட்டானுங்கற அர்த்தத்துல. 2012ல கலிஃபோர்னியாவோட ஆக்ஸ்நார்டு ஊர்ல மிஸ்தெக்கோ அமைப்பு ஒண்ணு, மிகோப்னு பேர், பள்ளிக்கூடத்துல அந்தச் சொல்லைத் தடை பண்ணணும்னு இயக்கமே நடத்துச்சு. லத்தீனோ சமூகம்னு ஒரே வரில எழுதுறப்ப இதையும் நெனச்சுக்குங்க.

29 மார்ச் 2025

இந்த வாரம் ஒரு நல்ல செய்தி. 24ம் தேதி ஸ்ப்ரேடேஸ்னு மாநிலம் பூரா ஒரு சேவை ஆரம்பிச்சிருக்காங்க. கட்டுப்பாடு உள்ள பூச்சி மருந்து எங்க அடிக்கப் போறாங்கன்னு 24 மணி நேரம் முன்னாடி மேப்ல வரும், மண்ணுல புகை மருந்து விடுறதுன்னா 48 மணி நேரம் முன்னாடி. விலாசத்தைக் குடுத்தா போனுக்கு மெசேஜ். எந்தத் தோட்டம்னு துல்லியமா சொல்லாது, ஒரு சதுர மைல் கட்டம் தான் காட்டும். மருந்து அடிச்சதுக்கு அப்புறம் வர்ற கணக்கு 1990லேருந்து முழுசா இருக்கு, உலகத்துலயே அபூர்வமான டேட்டா அது. ஆனா அடிச்சப்புறம் தெரிஞ்சு என்ன, துணி காயப்போட்டதை எடுக்க முன்னாடியே தெரியணும்ல.

தளம் ஆங்கிலம், ஸ்பானிஷ்ல இருக்கு. மிஸ்தெக்கோல இல்லன்னு நான் குதிச்சேன். டோன்யா சிரிச்சாங்க. எழுதிப் போட்டா யார் படிக்கப் போறா, அந்த மொழியை எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவங்க எத்தனை பேர்? அவங்க வழி வேற: மெசேஜ் அவங்க போனுக்கு வரும், உடனே வாட்ஸ்அப்ல பதினஞ்சு செகண்ட் குரல். நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்துக்கு மேக்கால மருந்து, ஜன்னலை மூடு, துணியை எடு. அவ்வளவு தான் அப்ளிகேஷன்.

12 ஏப்ரல் 2025

இதை எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிக்கிறேன்.

டேபிள்ல இல்லாத மொழியை நாமளே சேகரிப்போம்னு போன வருஷம் ஒரு மேப் ஆரம்பிச்சேன். கேம்ப் பதிவு, ரேஷன் பெட்டி பதிவு எல்லாத்தையும் சேத்து, எந்தத் தெருவுல எந்த மொழிக் குடும்பம்னு புள்ளி புள்ளியா. பேர் கிடையாது, வீட்டு நம்பர் கிடையாது. என் வாழ்க்கைல பண்ணின அழகான மேப் அது தான். மொழிபெயர்ப்பாளரை எங்க அனுப்பணும்னு ஒரு பார்வைல தெரியும். பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன்.

டோன்யா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒரு புள்ளியைத் தொட்டு இது இன்னார் வீடு, இது இன்னார் அண்ணன் வீடுன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. பேரே இல்லாத மேப்ல பதினோரு குடும்பத்தைப் பேர் சொல்லி வாசிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க, இதை வேற யாரெல்லாம் பாக்க முடியும்?

நான் சட்டம் பேசினேன். சென்சஸ் டேட்டாவை வெளில விட்டா அஞ்சு வருஷம் ஜெயில், 2,50,000 டாலர் அபராதம்னு எல்லாம். அது சென்சஸுக்கு, என் எக்செலுக்கு எந்தச் சட்டம்? வீட்டுக்கு வந்து படிச்சேன். 1940கள்ல ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்ல அடைச்சப்ப தெரு அளவுக் கணக்கைக் குடுத்தது சென்சஸ் ஆபிஸ். 2004ல தெரிய வந்துச்சு, அரபு வம்சாவளி ஆளுங்க எந்த ஜிப் கோடுல எத்தனைன்னு பட்டியல் போட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் குடுத்திருக்காங்க. ரெண்டாவதுல சட்டமீறலே இல்ல, எல்லாம் பொது டேட்டா, நம்ம டவுன்லோட் பண்ற அதே டேபிள். இந்த மாசம் வரி ஆபிஸும் குடியேற்ற அமலாக்கமும் தகவல் பகிர ஒப்பந்தம் போட்டிருக்காங்க. பேப்பர் இல்லாம இருந்தும் ஒழுங்கா வரி கட்டினவங்க தானே அந்த லிஸ்ட்ல இருப்பாங்க, கட்டாதவங்க இருக்க மாட்டாங்கல்ல.

மேப்பை அழிச்சுட்டேன். பேக்கப்பையும். அழிக்கிறப்ப கை கூசுச்சு, ஒரு வருஷ சனிக்கிழமை.

13 ஏப்ரல் 2025

"அப்படிப் பாத்தா டேட்டாவே வேணாமா? ஓவர் ரியாக்ஷன்"ன்னு மெசேஜ் வந்திருக்கு. இல்ல, அப்படிச் சொல்லல. மேல எழுதினதைக் காலைல படிச்சப்ப எனக்கே கொஞ்சம் சினிமாத்தனமா தான் இருக்கு.

ஏசிஎஸ் டேபிள் நேரா காரியம் பண்ற இடமும் உண்டு. வாக்குரிமைச் சட்டத்துல 203ன்னு ஒரு பிரிவு, 1975ல சேத்தது. ஒரு கவுண்ட்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, ஓட்டுப் போடுற வயசுல ஆங்கிலம் சரியா வராத குடிமக்கள், சட்டம் சொல்ற மொழிகள்ல ஒரே மொழிக்காரங்க 10,000 பேருக்கு மேல, இல்லன்னா 5 சதவீதத்துக்கு மேல இருந்து, அவங்க படிப்பறிவும் நாட்டு சராசரியை விடக் கம்மின்னா, ஓட்டுச்சீட்டுலேருந்து எல்லாமே அந்த மொழில குடுத்தாகணும். யார் முடிவு பண்றா? ஏசிஎஸ் நம்பர். 2021 டிசம்பர் பட்டியல்ல 331 இடம். கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூணும் மாநில அளவுலயே ஸ்பானிஷுக்கு உண்டு. எந்த அதிகாரி மனசும் இளக வேண்டியதில்ல, எண்ணிக்கை தாண்டினா சீட்டு அச்சாகும். அதனால ஏசிஎஸ் ஃபாரம் வந்தா நிரப்புங்கன்னு நான் இன்னமும் தான் சொல்றேன். நான் அழிச்ச மேப்போட எப்படி இது ஒத்துப்போகுதுன்னு கேட்டா, முழுசா ஒத்துப்போகல.

நான் இப்ப கடைப்பிடிக்கிறது: டிராக்ட்டுக்குக் கீழ இறங்குறதில்ல. அதுக்குக் கீழ எப்படியும் நம்பர் நம்புற மாதிரி இல்ல. 2020 சென்சஸ்ல ஒரு தெருக்கட்டம் வாக்குல இருக்குற பிளாக் அளவுல வேணும்னே கொஞ்சம் கலைச்சுத் தான் வெளியிட்டிருக்காங்க, ஆளை அடையாளம் காட்டக் கூடாதுன்னு. சென்சஸுக்கே இருக்குற கூச்சம் எனக்கு இல்லாமப் போச்சு.

14 ஜூன் 2025

இன்னைக்கு கேம்ப். ஆள் வரல. போன வருஷம் இதே கேம்ப்ல வரிசை ரோடு வரைக்கும் நின்னுச்சு. இந்த வாரம் ஆக்ஸ்நார்டு பக்கம் வயல்லயே குடியேற்ற அதிகாரிங்க ரெய்டு, வீடியோ எல்லார் போன்லயும் ஓடுது. ரேஷன் பெட்டியை நாங்களே கார்ல வச்சு இறக்கினோம். டோன்யா ஓட்டினாங்க, நான் தூக்கினேன். லிஸ்ட் கைல இல்ல, அவங்க தலைல.

28 ஜூன் 2025

தண்ணி மேப் பத்தி ஒருத்தர் கேட்டு ரெண்டு மாசமாச்சு, மன்னிக்கணும்.

மாநிலத் தண்ணீர் வாரியத்தோட மேப்ல கெட்ட தண்ணி தர்ற அமைப்பெல்லாம் சிவப்பா தெரியும். எங்க பக்கத்துல பாத்தா நிறைய இடம் வெறும் சாம்பல். முதல் வருஷம் நான் அதை "பிரச்சனை இல்லாத பகுதி"ன்னு எழுதி ஒரு நிதி விண்ணப்பத்துல போட்டு, அது திரும்பி வந்துச்சு. அங்க பொதுக் குழாயே கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் கிணறு, சொந்தக் கிணத்தை யாரும் சோதிக்கச் சொல்றதில்ல, அதனால டேட்டா இல்ல, அதனால சாம்பல். 2014 வறட்சில ஈஸ்ட் போர்ட்டர்வில்ல கிணறு வத்தினப்ப தான் அப்படி ஒரு ஊர் இருக்குன்னே வெளில தெரிஞ்சுது. நகர எல்லைக்கு வெளில, முனிசிபாலிட்டி இல்லாத இந்த மாதிரி ஏழைக் குடியிருப்புகள்ல பள்ளத்தாக்கு பூரா 3,10,000 பேர்னு 2013ல ஒரு கணக்கு வந்துச்சு.

வயல் உரத்துலேருந்து கிணத்துல இறங்குற நைட்ரேட் இருக்குற தண்ணியைக் கொதிக்க வச்சா சரியாகாது, வத்த வத்த இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாது. நிறைய வீட்ல காய்ச்சிக் குடிச்சா போதும்னு நினைக்கிறாங்க, நம்ம வீட்லயும் அப்படித் தான் சொல்லி வளத்தாங்க. அதனால இதை மட்டும் குரல் மெசேஜா நாலு ஊர் பேச்சுல பதிவு பண்ணி வச்சிருக்கோம்.

பிழை எல்லை பத்தியும் இங்கயே சொல்லிடுறேன், மறந்துட்டேன். ஏசிஎஸ் நம்பர் பக்கத்துல பிளஸ் மைனஸ்னு ஒண்ணு இருக்கும், எல்லாரும் அந்தப் பத்தியை மறைச்சுட்டு தான் வேலை பாப்போம். சின்ன டிராக்ட்ல குவாத்தமாலாக்காரங்க 60, பிளஸ் மைனஸ் 70ன்னு வந்தா, ஒருத்தரும் இல்லன்னும் படிக்கலாம், 130ன்னும் படிக்கலாம். அப்ப பக்கத்து டிராக்ட்டைச் சேத்துக் கூட்டுங்க, இல்ல அந்த வரியை விட்டுடுங்க. அதை வச்சு சிவப்பு கலர் மட்டும் அடிக்காதீங்க.

23 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் இன்னும் இருக்காரான்னு தெரியல. எங்க ஆரம்பிக்கலாம்னு தானே கேட்டீங்க.

டோன்யாகிட்ட ஒரு நோட்டு இருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சுக்குற கம்பி பைண்டிங் நோட்டு, அட்டை பிஞ்சு டேப் ஒட்டினது. அதுல ஆள் பேர் கிடையாது, மொழியும் கிடையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல ஒரு ஊர் பேர், வஹாக்காவுல இருக்குற ஊர். கீழ கோடு கோடா, அஞ்சஞ்சா. என்ன மொழி பேசுவீங்கன்னு கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு ஸ்பானிஷ்னு தான் சொல்வாங்களாம். எந்த ஊர்னு கேட்டா முகம் மலரும், ஊர் தெரிஞ்சா எந்த மிஸ்தெக்கோன்னு தெரியும், யாரைக் கூப்பிட்டா பேச்சு புரியும்னும் தெரியும். 2010 ஆய்வை மேல சொன்னேனே, அதை மறுபடி எடுத்துப் படிச்சேன். அவங்களும் ஊர் ஊரா தான் போய் எண்ணியிருக்காங்க. நாலு வருஷமா நான் பக்கத்துல உக்காந்திருந்த நோட்டு.

நம்மாளு ரெண்டு பேர் ரயில்ல பாத்துக்கிட்டா முதல் கேள்வி என்ன?

இப்ப எங்க பதிவு ஃபாரத்துல மொழிங்கற கட்டத்தை எடுத்துட்டு ஊர்னு போட்டிருக்கோம். விலாசம் கட்டம் போச்சு, டிராக்ட் நம்பர் மட்டும். சென்சஸ் டேபிளை அவங்ககிட்ட ஸ்பானிஷ்ல வாசிச்சுக் காட்டுவேன், எங்க நம்பர் கம்மியா இருக்குன்னு அவங்க சொல்வாங்க, அதை விண்ணப்பத்துல ஒரு பாராவா எழுதுவேன். போன மாசம் ஒரு சின்ன நிதி வந்துச்சு, நாலு ஊர் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் சம்பளம், பகுதி நேரம்.

இன்னைக்கு மீட்டிங் இருந்திருக்கணும். திராட்சை வெட்டு ஆரம்பிச்சாச்சு, வரிசைக்கு நடுவுல தரைல காகிதம் விரிச்சு உலர் திராட்சைக்குக் காயப்போடுற வாரம், ஒருத்தரும் வர முடியாது. டோன்யா குரல் மெசேஜ் அனுப்பினாங்க, சீசன் முடிஞ்சு பாக்கலாம், அது வரைக்கும் அந்த 400 தாளைக் கொண்டு வந்து குடு, பின்பக்கம் காலியா இருக்கு, பிள்ளைங்க படம் வரையும்னு.

டிக்கில தேடினேன். 260 இருக்கு.